நடுங்காத கோடு: வரையத் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

நீலப்பென்சில்:
மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு எதிரே அமர்ந்து அந்தப் பெரிய யானையை வரைந்துகொண்டிருந்தபோது கண்டது இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. நான் யானையின் முதுகைச் சிறு சிறு கீற்றுகளாகச் சேர்த்துக்கொண்டே போனேன். பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர், சிற்பக் கல்லூரி மாணவராம், தாளைத் தொடாமலேயே சார்கோலை (வரையும் கரிக்குச்சியை) யானையின் பிடரியிலிருந்து வால்வரை காற்றில் இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு முழங்கையை உயர்த்தி, தோளிலிருந்து கை முழுவதையும் அசைத்து, அதே பாதையில் ஒரே வீச்சில் கோட்டை இழுத்தார். அந்தக் கோடு பாறையிலுள்ள முதுகைவிடச் சற்று உயரமாகவே விழுந்தது. அவர் அதை அழிக்கவில்லை. அதற்குக் கீழேயே இன்னொரு கோட்டை அழுத்தமாக இழுத்துவிட்டு வயிற்றுக்குப் போய்விட்டார். நான் வியந்து பார்ப்பதைக் கண்டு, "முதல் கோடு அங்கேயே இருந்தால்தான் அண்ணா, அடுத்ததை எவ்வளவு இறக்க வேண்டும் என்று தெரியும்" என்றார்.

இப்போது நான் பழைய செய்தித்தாளில் தொலைவாக இரண்டு புள்ளிகளை வைத்து, பார்வையைப் பென்சில் முனையில் வைக்காமல் சென்று சேர வேண்டிய புள்ளியில் நிறுத்தி, ஒரே இழுப்பில் இணைக்கப் பழகி வருகிறேன்.

காவிரிக்கரை:
அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியம் லோயர் கிரேடுக்கு, அதாவது கீழ்நிலைத் தேர்வுக்கு, படித்த காலத்தில், எங்கள் ஆசிரியர் ஓர் எவர்சில்வர் டம்ளரை மேசையின் மீது வைத்து வரையச் சொன்னார். வகுப்பில் அனைவரும் வாயை முட்டை வடிவமாகவும் அடியை நேர்கோடாகவும் வரைந்திருந்தோம். அவர் ஒன்றும் சொல்லாமல் டம்ளரை எங்கள் கண்மட்டம் வரை மெல்ல உயர்த்தினார். வாயின் வளைவு ஒடுங்கி ஒடுங்கி, கடைசியில் வெறும் கோடாக மாறிய அந்தக் கணத்தை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். மீண்டும் கீழே இறக்கிவிட்டு, கண்ணுக்கு மிகத் தாழ்வாக இருப்பது வாயா அடியா என்று கேட்டார். அடிதான் தாழ்வு என்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்றுக் கூடுதலாக வளைந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. எனக்குத் துணிவு வந்தது கை பழகியதால் அல்ல. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததால்.

இரண்டு பி:
காற்றில் ஓட்டிப் பார்ப்பது பற்றி நீலப்பென்சில் சொல்வதை நான் முழுமையாக ஏற்கவில்லை. என் அம்மா வாசலில் சிக்குக் கோலத்தின் கம்பியை எங்கும் தயங்காமல் இழுப்பவர். அவர் ஒருநாளும் காற்றில் ஒத்திகை பார்த்ததில்லை. ஒருமுறை அதே கோலத்தை என் நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் போடச் சொன்னேன். அவருடைய விரல்கள் இறுகிக் கோடு நடுங்கியது. புள்ளிகளை மறுபடியும் அகலமாக வைத்துக் கொடுத்தபோது கோடு உடனே சீரானது. ஆகவே, கைக்குத் துணிவைத் தருவது முன்னரே குறித்த புள்ளியும் போதிய இடமும்தான்.

புதிதாகத் தொடங்குவோர் கடினமான பென்சிலை விட்டுவிட்டு, மென்மையான 2பி பென்சிலை எடுத்து, கூரிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். படுக்கைக் கோடு, செங்குத்துக் கோடு, சாய்கோடு ஆகியவற்றைச் சம இடைவெளியில் ஒரு பக்கம் நிறையப் போட வேண்டும். நீள்வட்டத்தைப் பென்சிலை எடுக்காமல் அதே பாதையில் சில சுற்றுகள் சுற்ற வேண்டும். அதன் இரு முனைகளும் கூராகிவிடக் கூடாது. வலக்கைக்காரர்களுக்குச் சில திசை வளைவுகள் எளிதில் வராது. அப்போது மணிக்கட்டைத் திருக்காமல் தாளைத்தான் திருப்ப வேண்டும். முகங்களைத் தொடக்கத்திலேயே எடுக்க வேண்டாம். சிறு பிழையும் ஆளை மாற்றிவிடும் என்பதால் மனம் சோர்ந்துபோகும். பெட்டி, செம்பு, வாழையிலை போன்றவற்றில் அந்தத் தொல்லை இல்லை. ஒவ்வொரு தாளிலும் தேதியை எழுதி வைத்தால், முன்னேற்றத்தை மற்றவர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

நீலப்பென்சில்:
யானையின் முதுகில் யாரும் புள்ளி வைத்துத் தரமாட்டார்கள் அல்லவா? அந்த மாணவர் பிடரியிலும் வாலடியிலும் மெல்லிய குறிகளை இட்ட பிறகுதான் கையை ஓட்டினார் என்பதை முன்பே எழுதிவிட்டதாக நினைத்தேன், ஆனால் விட்டுவிட்டேன். எழுதியிருந்தால் இந்த மறுப்பு எழுந்திருக்காது. குறி இருந்தும் ஒத்திகை அவருக்குத் தேவைப்பட்டது.

காவிரிக்கரை:
அழிக்காமல் வரைவது பயிற்சிக்குச் சரி. தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அழிப்பானைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அங்கே தெளிவான ஒற்றைக் கோட்டைத்தான் எதிர்பார்ப்பார்கள். பொருளின் இரு பக்கமும் சமமாக அமைய நடுவில் போடும் கோட்டையும், வடிவத்தைத் தேடிப் போட்ட கோடுகளையும் மிக மெல்லியதாகப் போட்டு, வடிவம் உறுதியான பிறகு கடைசியில் மட்டும் துடைத்தால் போதும்.