மறுமொழி: ஆவாரையின் காதுக்குச் செதில் என்ற பெயர் பொருந்துமா?

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

பள்ளி நாற்றங்கால் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஆவாரையின் இலைக்காம்படியில் காதுபோல நிற்கும் மடலை அதில் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரமாக ஒரே சொல்லில் நிற்கிறோம். என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்குநேரிப் பக்கத்துத் தரிசில் ஆவாரையும் பேயாவாரையும் அருகருகே நிற்கும். பூ இரண்டுக்குமே மஞ்சள்தான். ஆவாரையில் சிற்றிலை 8 முதல் 12 இணை, நுனி மழுங்கல். பேயாவாரையில் 4 முதல் 6 இணை, நுனி கூர். ஆனால் பிள்ளைகள் இலையை எண்ணுவதில்லை. போன வாரம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஆவாரைக் கொப்பை ஒடித்து வந்து, இலைக்காம்பின் அடியில் இருபுறமும் விரிந்து நின்ற பச்சை மடல்களை விரலால் நீவி, "டீச்சர், இது காது மாதிரில்லா இருக்கு" என்றாள். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸும் 1753இல் அதைப் பார்த்துத்தான் 'ஆரிகுலேட்டா', அதாவது காதுடையது, என்று பெயர் வைத்தார். பேயாவாரையில் அந்த மடல் சிறிது, சீக்கிரம் உதிர்ந்துவிடும். ஆவாரையில் அகலமாக அப்படியே நிற்கும்.

பாடநூல் இதை 'இலையடிச்செதில்' என்கிறது. செதில் என்றால் மீன் செதிலைத்தானே பிள்ளை நினைக்கும்? இங்கே இருப்பதோ இலைபோலப் பச்சையான மடல்.

பாளையங்கோட்டை அண்ணாச்சி அதற்குப் பதிலாக 'அடிக்குழை' என்றார். குழை தளிருமாகும், காதணியுமாகும். தொல்காப்பிய மரபியல் குழையை மரத்தின் உறுப்புகளோடு சேர்க்கிறது. அழகான சொல்தான், படித்ததும் எனக்கே ஆசை வந்தது. ஆனால் நம்ம ஊரில் குழை என்றால் ஆட்டுக்கு ஒடித்துப் போடுவது. வேப்பங்குழை, அகத்திக்குழை என்று தினமும் சொல்கிற பிள்ளையிடம் அடிக்குழை என்றால் கீழ்க்கொப்பைத்தான் ஒடித்து வரும். இந்த மடலைச் 'செவி' என்பதா 'காது' என்பதா என்று நம் குழுவில் நடந்த வழக்குக்குள் நான் வரவில்லை, இரண்டும் தமிழ்தான்.

அக்கா ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி: "இலந்தையில் இதே உறுப்பு முள்ளாக நிற்கிறது, கருவேலிலும் அப்படித்தான். அதையும் காது என்பீர்களா?" மாட்டேன். ஆனால் அந்த முள்ளைச் செதில் என்பது மட்டும் எப்படிச் சரி? பொதுச்சொல்லில் வடிவம் வரக்கூடாது. அதனால்தான் 'இலையடித்துணை' என்கிறேன். துணை என்பதில் இணையும் உண்டு, காவலும் உண்டு. பல செடிகளில் இது இளம் மொட்டைப் பொதிந்து காக்கிறது. பாடநூல் சொல்லில் பாதி அப்படியே இருப்பதால் தேர்வெழுதும் பிள்ளைக்கும் குழப்பமில்லை. ஆவாரைக்கு மட்டும் 'காதுவடிவ இலையடித்துணை'.

பெரும்பாலோர் பாடநூல் சொல்லே இருக்கட்டும் என்று சலித்துச் சொல்லிவிட்டீர்கள். சரி, நாள் இல்லை, அதுவே அச்சேறட்டும். என் மறுப்பை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் நாற்றங்கால் பலகையில் ஆவாரைக்கு மட்டும், அந்தப் பிள்ளை சொன்னபடியே 'இலைக்காது' என்றுதான் எழுதப்போகிறேன்.

அப்புறம், ஆவாரை விதை முளைக்கவில்லை என்றவருக்கு: தோல் கடினம். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தண்ணீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஊதிப் பெருத்ததை மட்டும் பையில் ஊன்றுங்கள். பெருக்காததை மறுபடி தேய்க்கலாம்.