புதுப்பிப்பு: ஆய்வுக்கு வழிகாட்டி கிடைத்துவிட்டார்

சென்ற தவணை விடுமுறையில் கேட்டிருந்தேன்: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன், வெள்ளவத்தைக் கால்வாய்த் தும்பிகளை ஆராய ஆசை, பேராசிரியர்களுக்கு அனுப்பிய 18 மின்னஞ்சல்களுக்கும் பதில் இல்லை, என்ன செய்யலாம் என்று. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது, “பேராசிரியரை விடுங்கள், கட்டுரை எழுதிய முதுநிலை மாணவரைத் தேடுங்கள்” என்ற யோசனைதான். இலங்கை ஆய்விதழ்களை இலவசமாக வாசிக்கத் தரும் ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் ஈரநிலம் பற்றிய கட்டுரை ஒன்றை இரண்டு தடவை வாசித்தேன். அதை எழுதிய முதுநிலை மாணவிக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். வழிகாட்டுவீர்களா என்று கேட்கவேயில்லை. மாதிரி எடுத்த முறை பற்றி ஒரே ஒரு கேள்வி. கூடவே என் கொப்பியின் ஒரு பக்கப் படம். நான்காம் நாள் பதில் வந்தது.

எதிர்பாராதது, அந்த அக்கா முதலில் பிடித்தது என் பிழையை. இடமும் நிறமும் குறித்திருந்தேன். பார்த்த நேரமும், வெயிலா மப்பா என்பதும் இல்லை. வெயில் ஏறினால்தான் தும்பிகள் நன்றாகப் பறக்கும், ஆகவே அந்த எண்ணிக்கையை எதனோடும் ஒப்பிட முடியாது. ஆறு வாரப் பதிவு வீண்!

பெற்றோரின் சம்மதக் கடிதமும் கேட்டார். 18 வயது ஆகாதவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்திருங்கள். இப்போது சனிக்கிழமைகளில் பெத்தகான ஈரநிலப் பூங்காவுக்குப் போகிறேன், அப்பாவின் பூட்ஸில், இரண்டு அளவு பெரியது.