இட்லி மாவு விக்க அந்த 14 இலக்க நம்பர் இல்லாம முடியாதா?

மாவு அக்கா | 9 அக்டோபர் 2023, காலை 11.40

சிங்காநல்லூர் பக்கம் வாடகை வீட்டுல இருக்கறேனுங்க. ரெண்டு வருசமா அக்கம்பக்கத்துக்கு மாவு அரைச்சுக் குடுத்துட்டிருக்கேன். தினம் 40 பாக்கெட், கிலோ 40 ரூபா. இப்ப ரெண்டு மளிகைக் கடைல கேக்கறாங்க. அதுல ஒருத்தர், "பாக்கெட்டு மேல 14 இலக்க ஃபுட் நம்பர் இருந்தாத்தான் ஃபிரிட்ஜுல வைப்பேன்"ங்கறார். வாங்கித் தர ஒரு புரோக்கர் 4,500 கேக்கறார். வீட்டு ஓனர் கையெழுத்தும் வேணுமாம். நான் வியாபாரம் பண்றதே ஓனருக்கு அரைகுறையாத்தான் தெரியும். எடுக்கோணுமா, இல்ல அந்தக் கடைய விட்டுட்டு வேற பாக்கறதா?

வைகைக்கரை | 9 அக்டோபர், பகல் 1.05

விட்டுருங்கக்கா. மதுரைல தள்ளுவண்டி போட்டு எனக்கு ஏழு வருசமாச்சு, பணியாரமும் வடையும். அந்தப் பேப்பர எடுத்துட்டா உங்க அட்ரஸ் அவய்ங்க நோட்டுல ஏறிரும். அப்புறம் ஃபுட்டு ஒரு நாளு, கார்ப்பரேசன் ஒரு நாளு, ஈபி ஒரு நாளுன்னு வரிசை கட்டி வருவாய்ங்க. நான் 2019ல எடுத்தேன். ரெண்டாவது மாசமே ஒருத்தர் வந்து வாணலிய எட்டிப் பாத்து "எண்ணெ கருத்திருக்கு"ன்னாரு. கருத்துத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா எதுத்தாப்ல இருந்த பெரிய ஓட்டல் பக்கம் அவரு திரும்பிக்கூடப் பாக்கல. தெருவுல எண்ணெச் சட்டி தெரியும்படி நிக்கிறவன்தானே ஈசியா மாட்டுவான்.

வெள்ளைக்கோட்டு | 9 அக்டோபர், மாலை 6.20

உணவு ஆய்வுக்கூடத்தில் 11 வருஷம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் அரைத்தாலும் காசுக்கு விற்றால் பதிவு வேண்டும். அந்த 14 இலக்கம் அந்தப் பதிவின் எண்தான். இதில் "வேணுமா" என்ற கேள்விக்கே இடமில்லை. போன மாதம் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனாள். அதற்குப் பிறகும் "விட்டுருங்கக்கா" என்று எழுத எப்படி மனசு வருகிறது?

வைகைக்கரை | 9 அக்டோபர், மாலை 6.48

ஷவர்மா கறி சார், இது மாவு. ஆவில வேகுது. உளுந்தும் அரிசியும் தின்னு எவன் செத்தான்?

வெள்ளைக்கோட்டு | 9 அக்டோபர், இரவு 9.15

ஆவியில் கிருமி சாகும். கிருமி ஏற்கெனவே கக்கி வைத்த நஞ்சு எல்லாம் அழியாது. கையில் சீழ்ப்புண்ணோடு ஒருவர் மாவைக் கரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி அதில் ஏறும். அதன் நஞ்சு கொதியையும் தாங்கும். நன்றாகப் புளித்த மாவில் அமிலம் ஏறி அது அடங்கும், சரி. ஆனால் பாக்கெட் மாவைப் பாதி புளித்த நிலையில்தானே கட்டுகிறார்கள்? கடையில் மத்தியானம் கரண்ட் போய் பாக்கெட் பலூன் மாதிரி உப்பி, சாயங்காலம் திரும்பக் குளிர்ந்து கிடப்பதைப் பார்த்ததில்லையா? நாங்கள் சோதித்த பாக்கெட்டுகளில் பலதில் அரைத்த தேதியே இருக்காது. வாந்தி வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? அந்த நம்பர் இருந்தால் இன்னார் வீட்டு மாவு என்றாவது தெரியும்.

பில்லுபுக் | 10 அக்டோபர், காலை 8.30

ரெண்டு பேரும் சண்டை போடுறீங்க, அக்கா கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லல. நான் இ-சேவை மையம் வச்சிருக்கேன், இந்த விண்ணப்பம் மாசம் பத்தாவது போடுவேன்.

அக்கா, 40 பாக்கெட், 40 ரூபா, 30 நாள். மாசம் 48,000. வருசத்துக்கு 5,76,000. விற்பனை 12 லட்சத்துக்குள்ள இருக்கறதால உங்களுக்கு லைசென்ஸ் தேவையில்ல, வெறும் பதிவு போதும். அரசுக் கட்டணம் வருசத்துக்கு 100 ரூபா. அஞ்சு வருசத்துக்குச் சேத்துக் கட்டினாலும் 500தான். மிச்சம் 4,000 யாருக்குன்னு அந்தப் புரோக்கர்ட்டயே கேளுங்க. ஃபாஸ்காஸ்ங்கற அரசு உணவுப் பதிவுத் தளத்துல போட்டோ, ஆதார், வாடகை ஒப்பந்தம் ஏத்தினா முடிஞ்சுது. 12 லட்சத்தத் தாண்டினாத்தான் மாநில லைசென்ஸ், அதுக்குக் கட்டணமும் ஆயிரக்கணக்குல, கேள்வியும் கூட.

இன்னொண்ணு, இது பல பேருக்குத் தெரியாது. 2011 விதிமுறைப்படி விண்ணப்பம் போட்ட 7 நாளுக்குள்ள பதிவு தரணும், இல்ல காரணம் எழுதி நிராகரிக்கணும், இல்ல ஆய்வுக்கு வர்றோம்னு நோட்டீஸ் விடணும். 30 நாள் ஆகியும் ஒரு முடிவும் சொல்லலன்னா நீங்க தொழில ஆரம்பிச்சுக்கலாம்.

வைகைக்கரை | 10 அக்டோபர், காலை 9.02

நல்லாருக்குண்ணே. "30 நாள்ல பதில் வரல, அதனால சட்டப்படி நான் ஆரம்பிச்சுட்டேன்"னு அக்கா மளிகைக் கடைக்காரர்ட்டப் போய்ச் சொன்னா ஃபிரிட்ஜுல எடம் குடுத்துருவாரா? அவரு கேக்கறது நம்பரு.

100 ரூபாயில நிக்காதுங்கறதுதான் நான் சொல்ல வர்றது. கார்ப்பரேசன் தொழில் உரிமம் இருக்கு. பழைய ஆளுங்க டி அண்ட் ஓ லைசென்ஸ்ம்பாய்ங்க. வீட்டு லைன்ல கிரைண்டர் ஓட்டுறீகன்னு ஈபி வந்து டாரிஃப மாத்துனா அந்த இலவச 100 யூனிட்டும் போயிரும். ஒரு எச்பி கிரைண்டர் தினம் மூணு மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 135 யூனிட்டு. இதெல்லாம் யாரு கட்டுறது?

பில்லுபுக் | 10 அக்டோபர், காலை 9.40

கரண்ட் கணக்கு சரிதான், ஒத்துக்கறேன். குடிசைத் தொழிலுக்கு 3ஏ1னு தனி டாரிஃப் இருக்கு, கடை டாரிஃப் அளவுக்குக் கடிக்காது. ஆனா அதுக்குத் தனி மீட்டர் கேட்டு ஓனர் கையெழுத்துப் போடணும். வாடகை வீட்டுக்காரங்க பாதிப் பேர் அங்கதான் நிக்கறாங்க. வீட்டு வரியையும் கமர்ஷியல் ஆக்கிருவாங்களோன்னு ஓனருக்குப் பயம். இந்தப் பயத்துக்கு என்கிட்ட மருந்தில்ல.

பாக்கெட் போட்டு விக்கறதால எடை, விலை, பேக் பண்ணினவர் விலாசம் அச்சடிக்கணும். அது தொழிலாளர் துறை சமாச்சாரம். பேக் பண்றவங்க பதிவுக்கு 500 ரூபா, எடை மிஷினுக்கு முத்திரை. இதப் புரோக்கர் சொன்னாராக்கா? சொல்லிருக்க மாட்டார்.

வெள்ளைக்கோட்டு | 10 அக்டோபர், பகல் 12.10

வைகைக்கரை, உங்களிடம் ஒரே கேள்வி. 2014 சட்டப்படி தெரு வியாபாரிச் சான்று உங்களிடம் இருக்கிறதா, இல்லையா?

வைகைக்கரை | 10 அக்டோபர், பகல் 12.31

இருக்கு சார். போட்டோ எடுத்து கார்டு குடுத்தாய்ங்க. எங்க நிக்கணும்னு மட்டும் இன்னும் காட்டல. ஆனா உண்மையச் சொல்றேன், வண்டிய எடுறான்னு வந்த ரெண்டு தடவையும் அந்தக் கார்டத்தான் நீட்டுனேன்.

வெள்ளைக்கோட்டு | 10 அக்டோபர், பகல் 12.40

பிறகு அந்த அம்மாவுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

வைகைக்கரை | 10 அக்டோபர், பகல் 1.15

என் கார்டு என்னைய நிக்க விடுது. அவுகளுக்கு வர்ற பேப்பரு வீட்டக் காலி பண்ண வச்சுருமோன்னுதான் யோசிக்கிறேன். ஓனரு "எடத்தக் காலி பண்ணு"ன்னா உங்க 14 இலக்கம் வந்து வாடகைக்கு வீடு பாக்குமா? நீங்க லேப்ல இருந்து பாக்குறீக சார். எங்களுக்கு அன்னன்னைக்கு வித்தாத்தான் அடுப்பு.

மாவு அக்கா | 1 நவம்பர் 2023, இரவு 8.50

எல்லாருக்கும் நன்றிங்க. ஓனரம்மாகிட்ட ஒரு கிலோ மாவோட போய் உக்காந்து உள்ளதச் சொல்லிட்டேன். ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டுட்டாங்க, "மீட்டரு மட்டும் மாத்தாதே"ன்னாங்க. அதனால கரண்டு விசயம் அப்படியேதான் நிக்குது, அது தப்புத்தான்னு தெரியும். மகன் போன்லயே விண்ணப்பம் போட்டான். அஞ்சு வருசத்துக்கு 500 ரூபா. ஆறாவது நாள் நம்பர் வந்துருச்சு. புரோக்கர் இன்னும் போன் பண்ணிட்டிருக்கார்.

வைகைக்கரை | 1 நவம்பர், இரவு 9.05

சந்தோசம்கா. ஒண்ணு கேக்கறேன், உங்க கிரைண்டர, தண்ணித் தொட்டிய வந்து யாராச்சும் பாத்தாகளா?

மாவு அக்கா | 1 நவம்பர், இரவு 9.11

யாரும் வரலீங்க.

வைகைக்கரை | 1 நவம்பர், இரவு 9.14

சார், இதுக்கு என்ன சொல்றீக? ஒருத்தனும் பாக்காமயே "பாதுகாப்பு"ன்னு நம்பர் ஒட்டியாச்சு.

வெள்ளைக்கோட்டு | 1 நவம்பர், இரவு 10.30

சொல்ல ஒன்றும் இல்லை, எனக்கும் இதே எரிச்சல்தான். ஒரு மாவட்டத்துக்கு இருக்கிற அலுவலர்களைக் கொண்டு ஒவ்வொரு அடுப்படியையும் போய்ப் பார்க்க முடியாது. அதனால் அம்மா, உங்களுக்கு நீங்களே அலுவலர். போர் தண்ணீர் என்றால் ஒரு முறை சோதனைக்குக் கொடுங்கள். கை வெட்டுப்பட்டால் அன்றைக்கு மாவில் கை வைக்காதீர்கள்.

மாவு அக்கா | 2 நவம்பர், காலை 7.20

சரிங்க. இப்ப புதுசா ஒண்ணு. நம்பர் இருந்தாத்தான் எடுப்பேன்னாரே அந்தக் கடைக்காரர், நேத்து முதல் 15 பாக்கெட்டக் கைல வாங்கிப் பாத்துட்டு, "நம்பரு சரி, தேதியப் போடாதீங்க. ரெண்டு நாள் கூட வச்சு ஓட்டிக்கறேன்"ங்கறார்.

வெள்ளைக்கோட்டு | 2 நவம்பர், காலை 7.26

அரைத்த தேதியைப் பெரிதாகப் போடுங்கள். முடியாது என்றால் அந்தக் கடை வேண்டாம்.

வைகைக்கரை | 2 நவம்பர், காலை 7.31

நான் மொதல்லயே அந்தக் கடைய விடச் சொன்னேன்.