கான்ற்: நீதியான சட்டத்தை இயற்றுபவரை அறத்தோடு பிணைப்பது எது?

வணக்கம். யாழ்ப்பாணத்தில் மெய்யியல் சிறப்புக்கலைப் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதிவருகிறேன். தைப்பொங்கலுக்கு முன் கையளிக்க வேண்டிய ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் பற்றிய இயல் நகராமல் நிற்கிறது.

அறவிதியை அதன்மீதுள்ள மதிப்பினாலேயே பின்பற்றும்போதுதான் செயலுக்கு அறப்பெறுமதி உண்டு என்று நடைமுறைப் பகுத்தறிவு பற்றிய 1788ஆம் ஆண்டு நூலில் கூறும் கான்ற், நிலையான சமாதானம் பற்றி 1795இல் எழுதும்போது, அறிவு மட்டும் இருந்தால் பிசாசுகளின் கூட்டம்கூட ஓர் அரசை அமைத்துக்கொள்ளலாம் என்கிறார். அதே நூலின் பின்னிணைப்பிலோ, அறத்துக்குத் தலைவணங்காமல் உண்மையான அரசியல் ஓரடியும் வைக்க முடியாது என்கிறார்.

1797இல் அவர் எழுதிய சட்டக் கோட்பாட்டை வைத்து இந்த முரண்பாட்டைத் தீர்க்க முயன்றேன். வழக்குக்குப் பயந்து கடனைத் திருப்பிக் கொடுப்பவரும் சட்டப்படி நடந்தவரே. அவருடைய உள்நோக்கத்தை அரசு கேட்பதில்லை. இது குடிமக்களுக்குப் பொருந்துகிறது. ஆனால் சட்டத்தை இயற்றுபவர் யாருக்குப் பயப்படுவார்? பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளிப்படையாக அறிவிக்க முடியாவிட்டால் அச்செயல் அநீதியானது என்னும் அவருடைய வெளிப்படைத்தன்மைக் கோட்பாடும் எனக்குக் கைகொடுக்கவில்லை. போதிய வல்லமை உள்ளவர் தமது நோக்கத்தை மறைக்கத் தேவையில்லை என்று கான்றே ஒப்புக்கொள்கிறார். தமிழில் எனக்குக் கிடைத்த விளக்கங்கள் கடமைக் கொள்கையோடு நின்றுவிடுகின்றன.

அரசோ பொதுச் சட்டமோ இல்லாத இயற்கை நிலையை விட்டு, பொதுச் சட்டத்தின் கீழான குடியியல் நிலைக்குள் நுழைய வேண்டும் என்று 1797இல் அவர் கூறும் கடமையை, ஆட்சியாளரையும் உள்ளிருந்து பிணைக்கும் அறக்கடமையாக வாசிக்க அந்நூலிலேயே இடமுண்டா?