செம்புத் தகடு அரை மணியில் கறுத்துவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் எத்திலீனாக மாற்றும் சோதனையில் 3 வாரமாகத் திணறுகிறேன். 1985-இல் ஜப்பானின் யோஷியோ ஹோரி செம்பில் மீத்தேன் எடுத்துக் காட்டினாரே, செம்புத் தகட்டையே மின்முனையாக வைக்கும் அந்த வழிதான். கரைசல் 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட், கார்பன் டை ஆக்சைடு நிறைந்தபின் பிஎச் (அமில-கார அளவு) 6.8, அதெல்லாம் சரியாக இருக்கிறது. முதல் 20 நிமிடம் எத்திலீன் நன்றாக வருகிறது, அப்புறம் பளபளத்த தகடு ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டே வந்து, குமிழெல்லாம் வெறும் ஹைட்ரஜன். உப்பில் துளியளவு கலந்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் செம்பின்மேல் படிவதாலா, இல்லை எதிர்முனைப் பிளாட்டினம் கரைந்து, இரு முனைகளுக்கும் நடுவிலுள்ள சவ்வைத் தாண்டி வருகிறதா? கரைசலை முன்கூட்டியே மின்னாற்பகுத்துச் சுத்தம் செய்தவர்கள் எத்தனை மணி நேரம், எவ்வளவு மின்னோட்டம் வைத்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். கையில் மீதி இருப்பது இரண்டே தகடு.