மணி பிளான்ட் பாட்டிலில் பச்சைப் பாசி, கூடவே கறுப்பு ஈ: எதை முதலில் கவனிப்பது?

பால்கனிப்பச்சை (சென்னை):

வணக்கம். கிழக்குப் பார்த்த ஜன்னல். ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில்களில் ஆறு மணி பிளான்ட், களிமண் உருண்டை (லெக்கா) நிரப்பிய தொட்டிகளில் இரண்டு சிங்கோனியம். கேன் தண்ணீர், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து தலா 19 சதவீதம்). தண்ணீர் மாற்றிய பத்தாம் நாளே பாட்டிலின் உள்பக்கம் வழவழவென்று பச்சை ஏறிவிடுகிறது. இரண்டு பாட்டிலில் துள்ளுகிற புழு. தொட்டிகளைச் சுற்றி கொசுவைவிடச் சின்னதாகக் கறுப்பு ஈ. சிங்கோனியம் இலைக்காம்பில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது. செப்புக்காசு போடு, ஒரு சிட்டிகை மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடு என்கிறார்கள். போடலாமா?

வேர்நுனி:

மயில்துத்தம் வேண்டவே வேண்டாம். பாசியைக் கொல்லும் செம்பு வேர்நுனியையும் கருக்கிவிடும். மண்ணில் கொஞ்சம் கூடிப்போனாலும் மண் பிடித்து வைத்துக்கொள்ளும். வெறும் தண்ணீரில் அப்படித் தாங்கிக்கொள்ள எதுவும் இல்லை. காசிலிருந்து எவ்வளவு கரைகிறது என்று யாராலும் சொல்ல முடியாது, ஆகவே அதுவும் வேண்டாம்.

பாசிக்கு வேண்டியவை வெளிச்சம், தண்ணீர், உரம். செடிக்கும் தண்ணீரும் உரமும் வேண்டும், ஆனால் வேருக்கு வெளிச்சம் வேண்டாம். அதனால் வெட்ட வேண்டியது வெளிச்சத்தை. கறுப்பு சார்ட் பேப்பரை உறைபோலச் சுருட்டி பாட்டிலில் மாட்டுங்கள், அதன்மேல் ஒரு சுற்று வெள்ளைத் தாள். கறுப்பு மட்டும் என்றால் காலை வெயிலில் தண்ணீர் சுடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். வேரழுகல் அங்கேதான் ஆரம்பம். கழுத்துவரை மூட வேண்டும். ஒரு விரல் இடைவெளி விட்டாலும் அந்த வளையத்தில் பாசி வரும். வேரைப் பார்க்க ஆசைப்பட்டால் உறையைக் கழற்றிப் பார்த்துவிட்டு மாட்டிவிடலாம்.

பாசி இருக்கும்போதே உறை மாட்டிவிடாதீர்கள். இருட்டில் செத்த பாசி அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். முதலில் பாட்டிலைக் காலிசெய்து பிரஷ்ஷால் தேய்க்கவும். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, வாடை போகும்வரை கழுவவும். வேரை ஓடும் தண்ணீரில் விரலால் வழித்தால் போதும். பச்சைக் கறை கொஞ்சம் தங்கினால் பரவாயில்லை. பழுப்பாகி, இழுத்தால் தோல் மட்டும் கையோடு வந்து உள்ளே நூல் மாதிரி நின்றால் அது அழுகல், அந்த வேரை வெட்டிவிடவும்.

அடுத்து உரம். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 5 கிராம். அப்படியென்றால் லிட்டருக்கு 950 மில்லிகிராம் தழைச்சத்து (நைட்ரஜன்)! வீட்டுக்குள் நிற்கும் மணி பிளான்ட்டுக்கு 50 மில்லிகிராம் இருந்தால் தாராளம், அதாவது லிட்டருக்கு கால் கிராம் உரம். போதாததற்கு 19:19:19-இல் தழைச்சத்து பெரும்பாலும் யூரியா வடிவில் இருக்கும், கால்சியமும் கிடையாது. மண்ணில்லா வளர்ப்புக்கென்று ஏ, பி என இரண்டு பாகமாக விற்கும் உரக் கரைசல்களை, லேபிளில் சொன்னதில் கால் அளவில் கலப்பது நல்லது. இரண்டையும் நேரடியாகச் சேர்க்காமல், ஏ-வைத் தண்ணீரில் கலக்கிய பிறகு பி ஊற்றவும். இல்லையென்றால் கால்சியம் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும்.

சாம்பல்குருவி (கோவை):

நீங்கள் சொன்ன பூச்சிகள் மூன்று வகை, மூன்றுக்கும் மருந்து வேறு.

துள்ளுகிற புழு கொசுப்புழு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மணி பிளான்ட் பாட்டில் பிடித்தமான இடம். முட்டையிலிருந்து கொசுவாக ஏழெட்டு நாள் போதும். ஆகவே பத்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் மாற்றினால் கொசு முந்திக்கொள்ளும். வாரம் ஒருமுறை மாற்றவும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் பத்தாது. ஏடிஸ் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாட்டில் சுவரில் முட்டை ஒட்டும், அந்த முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் கோட்டைத்தான் அழுத்தித் தேய்க்க வேண்டும். வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். பஞ்சு அடைத்தால் ஈரம் ஏறித் தண்டு அழுகும்.

கறுப்பு ஈ பூஞ்சைக்கொசு. லெக்காவின் மேல்பகுதி ஈரமாக, பாசி பிடித்துக் கிடந்தால் அங்கே முட்டையிடும், புழு பாசியையும் வேர்த்தூவியையும் தின்னும். தண்ணீர் தொட்டி உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேலே 3-4 சென்டிமீட்டர் உலர்ந்தே இருக்கட்டும். மஞ்சள் ஒட்டுஅட்டை பறப்பதை மட்டும் பிடிக்கும், நாலு வாரமாவது எடுக்காமல் வையுங்கள். புழுவுக்கு பி.டி.ஐ. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ்) என்ற பாக்டீரியா மருந்து, லேபிளில் உள்ள அளவில். கடையில் வெறும் "பி.டி." என்று கேட்டால் பெரும்பாலும் காய்ப்புழுவுக்கானதைத் தருவார்கள், அதற்கு இது சாகாது.

வெள்ளைப் பஞ்சு மாவுப்பூச்சி. சர்ஜிகல் ஸ்பிரிட்டில் நனைத்த பட்ஸால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுக்கவும், காம்பு தண்டோடு சேரும் மடிப்பை விடாமல். பிறகு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், 1 மில்லி திரவ சோப்பு கலந்து மாலையில் தெளிக்கவும், வாரம் ஒன்றாக மூன்று முறை. தெளிக்கும்முன் தொட்டி வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். எண்ணெய் தண்ணீரில் விழுந்து படலம் கட்டினால் காற்று இறங்காது.

பால்கனிப்பச்சை:

நன்றிங்க. மூன்று சந்தேகம். உறைக்குப் பதில் பழுப்பு நிற பாட்டில் போதுமா? ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றலாமா? லெக்காமேலும் வெள்ளையாக இருக்கிறது, அதுவும் மாவுப்பூச்சியா?

வேர்நுனி:

பழுப்புக் கண்ணாடி நீல ஒளியைத்தான் தடுக்கும். சிவப்பு உள்ளே போகும், பாசிக்கு அது போதும். கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

பெராக்சைடு மருந்துக்கடையில் பெரும்பாலும் 6 சதவீதம். இணையத்தில் சொல்லும் அளவெல்லாம் 3 சதவீதத்துக்கு. லேபிளைப் பார்த்து, 6 என்றால் லிட்டருக்கு 5 மில்லி. வழவழப்பான வேரை அதில் பத்து நிமிடம் முக்கி எடுத்து, நல்ல தண்ணீரில் வையுங்கள். வாராவாரம் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. பாசி பாக்டீரியாவோடு இளவேரும் அடிவாங்கும், வெளிச்சம் விழுந்தால் பாசி திரும்ப வரும்.

சாம்பல்குருவி (கோவை):

லெக்கா விஷயம்: நகத்தால் சுரண்டுங்கள். நறநறவென்று பொடிந்தால் உப்பு, பிசுபிசுத்து நசுங்கினால் பூச்சி. நீங்கள் போட்ட உர அளவுக்கு உப்பாகத்தான் இருக்கும். தொட்டி நிறைய வெறும் தண்ணீர் ஊற்றி வடித்து, மூன்று முறை அலசுங்கள். பூச்சி என்றால் உருண்டைகளைக் கொட்டிக் கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, ஆறியபின் திரும்ப நிரப்புங்கள். செடியை அதுவரை மற்ற பாட்டில்களோடு வைக்காதீர்கள்.