தனுஷ்கோடி, ஓலைக்குடா கரையில் பார்த்த சுருள் கற்கள்: இவை அம்மோனைட்டா?

மண்டபம் டீச்சர்:

வணக்கம். பள்ளி அறிவியல் அறையில் வைக்க மூன்று பொருளுக்குப் பெயர்ச்சீட்டு எழுத வேண்டும். மூன்றையும் அம்மோனைட், அதாவது அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடலுயிரின் புதைபடிவம், என்கிறார்கள். தவறான பெயரை ஒட்டிவைக்க மனமில்லை.

அ) தனுஷ்கோடியில் அலை ஒதுக்கியது. வெள்ளை நிறம், 2.4 செ.மீ., எடையே இல்லை. சுருள்தான், ஆனால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடவில்லை. உடைந்த நுனியில் குட்டிக் குட்டி அறைகள் தெரிகின்றன.

ஆ) ஓலைக்குடாவில் கரைப்பாறைக்குள் பதிந்திருப்பது. பெயர்க்கவில்லை, படம் மட்டும் எடுத்தோம். 4 செ.மீ. வட்டம், நடுவில் அகலமான குழி, குழியின் ஓரம் பல் பல்லாக இருக்கிறது.

இ) ராமேஸ்வரத்தில் கடையில் வாங்கிய கருப்புக் கல். 'கடலில் எடுத்த சாளக்கிராமம்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு பாதியாகத் திறக்கிறது. உள்ளே சுருள், அதன்மேல் விலா எலும்பு மாதிரி வரிகள்.

எது அம்மோனைட்? எந்த அளவு வரை வகைப்படுத்தலாம்? எப்படிப் பாதுகாப்பது?

பாறைப்படுகை:

டீச்சர், வடிவத்தைப் பார்க்கும் முன் பாறையின் வயதைக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அதிலேயே தீரும்.

அம்மோனாய்டுகள் (அம்மோனைட் அடங்கிய பெருங்குழு) டெவோனியன் காலத் தொடக்கத்தில், சுமார் 41 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றியவை. கிரிட்டேஷியஸ் முடிவில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்களோடு சேர்ந்து அழிந்தன. பாம்பன், ராமேஸ்வரம் பக்கம் தரைக்கு மேலே தலைகாட்டும் பழைய பவளப்பாறைகளுக்கு வயது சில ஆயிரம் ஆண்டுகள்தான். 1972-இல் ஸ்டோடார்ட்டும் கோபிநாத பிள்ளையும் இவற்றை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கரைப்பாறை என்பது மணலும் சிப்பித் துண்டும் சுண்ணாம்பால் இறுகியது, அதுவும் இளசு. அந்தப் பாறைக்குள் பதிந்திருக்கும் உயிர் எதுவானாலும் அம்மோனைட்டாக இருக்க வழியில்லை. ஆகவே 'ஆ' இங்கேயே விழுந்துவிட்டது.

கிரிட்டேஷியஸ் பாறை ராமநாதபுரத்தில் இல்லாமல் இல்லை. காவிரிப் படுகையின் தெற்குப் பகுதி நம் காலடியில்தான் கிடக்கிறது. ஆனால் எரிவாயுக் கிணறு தோண்டும் ஆழத்தில். அது மேலே வந்து வெயில் காய்வது அரியலூர், பெரம்பலூர் பக்கம்: காரை, உத்தத்தூர், கருடமங்கலம், கல்லங்குறிச்சி. அங்கே கிடைத்த தலைக்காலிகளை (கணவாய், நாட்டிலஸ், அம்மோனைட் அடங்கிய இனம்) ஃபோர்ப்ஸ் 1846-இலும், ஸ்டோலிச்கா 1860-களிலும், கோஸ்மாட் 1890-களிலும் விவரித்துவிட்டார்கள். கரையில் தனியாகக் கிடக்கும் கல் உண்மையிலேயே அம்மோனைட் என்று தெரிந்தால், 'இது இங்கே எப்படி வந்தது' என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். லாரியில் வந்த கல்லா, கடையிலிருந்து வந்ததா?

தையல்கோடு:

மேலே சொன்னது முழுக்கச் சரி. இனி உருவத்துக்கு வருகிறேன்.

'அ' ஸ்பைருலா. கணவாய்க்குள் கடல்நுரை ஓடு இருப்பது போல, இது ஆழ்கடலில் வாழும் ஒரு சிறிய உறவுக்கார உயிரின் உள் ஓடு. உயிர் செத்தபின் அறைகளில் காற்று இருப்பதால் மிதந்து கரைக்கு வரும். சுற்றுகள் தொடாமல் இருப்பது முதல் அடையாளம். இரண்டாவது, அறைகளை இணைக்கும் மெல்லிய குழல். உடைந்த அறையை லென்ஸ் வைத்துப் பாருங்கள்: ஸ்பைருலாவில் குழல் சுருளின் உள்பக்க ஓரத்தில் போகும். நாட்டிலஸில் (இன்றும் வாழும் அறைச்சுருள் ஓட்டுயிர்) அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்பின் நடுப்பகுதியில் போகும். அம்மோனைட்டில் வெளி ஓரத்தை, அதாவது பார்வைக்கு முதுகு போலிருக்கும் பக்கத்தை (நூல்கள் இதை வயிற்றுப் பக்கம் என்று எழுதும்) ஒட்டி ஓடும் (கிளைமீனியா என்ற டெவோனியன் பிரிவு மட்டும் விதிவிலக்கு). இந்த ஒரு சோதனை நினைவிலிருந்தால் கடையில் வைத்திருக்கும் அறுத்த நாட்டிலஸைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

'ஆ' படத்தில் இருப்பது ஆர்கிடெக்டோனிகா, தட்டையான கூம்பு வடிவச் சங்கினம். மன்னார் வளைகுடாவில் இன்றும் வாழ்கிறது. அடிப்பக்கம் மேலே தெரியும்படி பதிந்தால் நடுக்குழி அகலமாக, அம்மோனைட் போலவே இருக்கும். பல் பல்லான அந்த விளிம்புதான் காட்டிக்கொடுக்கிறது. பக்கவாட்டில் பார்க்க முடிந்தால் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் கூம்பு. பெரும்பாலான அம்மோனைட் ஒரே தளத்தில் சுருளும், இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்.

'பெரும்பாலான' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. காரையில் கிடைக்கும் டர்ரிலைட்டஸ் சங்கு போலக் கோபுரமாகச் சுருளும். பாக்குலைட்டஸ் நேர்க்குச்சி. இவையும் அம்மோனைட்டே. ஆகவே சுருளை மட்டும் நம்ப முடியாது, உள்ளே தடுப்புச்சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். சங்குக்குத் தடுப்பு வரிசையும் குழலும் கிடையாது.

சுற்றும் திசை பற்றி நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை உயிரியல் நூல்கள் 'இடச்சுற்று' என்று எழுதும். அங்கே நுனி மேலே, வாய் நம்மைப் பார்த்து இருக்கும்படி பிடித்து, வாய் எந்தப் பக்கம் என்று பார்ப்பார்கள். டர்ரிலைட்டஸ் விவரிப்பைத் தமிழில் எழுதும்போது வலம்புரி, இடம்புரி என்று போட்டால் தலைகீழாகிவிடும். 'வாய் இடப்பக்கம்' என்று எழுதுங்கள்.

'இ' மட்டும்தான் அம்மோனைட்டாக இருக்கக்கூடியது. அளவுகள் கொடுங்கள்: மொத்த விட்டம், நடுக்குழி விட்டம், கடைசிச் சுற்றின் உயரம், தடிமன். எல்லாம் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும், வெர்னியர் இருந்தால் நல்லது. அரைச் சுற்றில் எத்தனை விலா, உள் ஓரத்தில் எத்தனை, வெளி ஓரத்தில் எத்தனை என்றும் எண்ணுங்கள்.

மண்டபம் டீச்சர்:

எண்ணிவிட்டோம். விட்டம் 64 மி.மீ., நடுக்குழி 28, சுற்றின் உயரம் 20, தடிமன் 19. விலா உள் ஓரத்தில் 21, வெளி ஓரத்தில் 43. வரிகள் முதுகைத் தாண்டி மறுபக்கம் போகின்றன, நடுவில் அறுபடவில்லை.

தேய்ந்த ஓர் இடத்தில் வளைந்து வளைந்து கோடு தெரிகிறது. வாய்ப்பக்கம் நீட்டிய வளைவுகள் மொழுமொழு, பின்பக்க வளைவுகளில் சின்னப் பல். இது செராடைட் வகைக் கோடு என்று படித்தேன். அப்படியானால் ட்ரையாசிக் (ஜுராசிக்குக்கு முந்தைய காலம்) என்று எழுதலாமா?

தையல்கோடு:

அவசரப்படாதீர்கள் டீச்சர். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள்.

தடுப்புச்சுவர் வெளி ஓட்டைச் சந்திக்கும் விளிம்புதான் தையல் கோடு. ஓடு உரிந்து, உள்ளே நிரம்பி இறுகிய உள் அச்சு வெளியே தெரிந்தால்தான் அது கண்ணுக்குப் படும். கடைசிச் சுற்றில் விலங்கு வாழ்ந்த அறையில் தடுப்பே இல்லை, கோடும் இருக்காது. 'கோடு இல்லை, ஆகவே அம்மோனைட் இல்லை' என்று முடிவுகட்டுவது அதனால் தப்பு.

பாடம் இப்படிப் போகும்: எளிய கோண வளைவு என்றால் கோனியடைட், பழைய உயிரூழி. பின்வளைவில் மட்டும் பல் என்றால் செராடைட், பெரும்பாலும் ட்ரையாசிக். இரண்டிலும் கிளை கிளையாகப் பிரிந்தால் அம்மோனைட், ஜுராசிக், கிரிட்டேஷியஸ். சரிதான். ஆனால் கல் தேயும்போது நுண்ணிய கிளைகள் முதலில் அழியும். அம்மோனைட் கோடு அரைமில்லி தேய்ந்தாலே செராடைட் மாதிரி தெரியும், இன்னும் தேய்ந்தால் கோனியடைட் மாதிரி. போதாக்குறைக்கு கிரிட்டேஷியஸ் அம்மோனைட்டுகள் சில தாமே எளிய கோட்டுக்குத் திரும்பியிருக்கின்றன.

உங்கள் கல்லில் அடுத்த சுற்று மூடிக் காத்த உள் ஓரத்தைப் பாருங்கள். கல்லை நனைத்து, வெளிச்சத்தைச் சாய்வாகப் படவிட்டால் கோடு எழும்பி வரும். அங்கே முன்வளைவிலும் கிளை இருந்தால் விடை கிடைத்துவிடும். கோட்டின் மேல் பென்சிலால் வரைந்து, ஒளிபுகும் தாளில் படியெடுத்து வைக்கலாம். பேனா வேண்டாம், கறை போகாது.

அளவுக்கு வருகிறேன். 28-ஐ 64-ஆல் வகுத்தால் 0.44. உள் சுற்றுகள் நன்றாகத் தெரியும் திறந்த சுருள். தடிமன், உயரம் விகிதம் 0.95, கிட்டத்தட்ட வட்டக் குறுக்குவெட்டு. விலா 21 என்பது 43 ஆகிறது என்றால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிகிறது. முதுகில் ஏராக்கட்டை போன்ற மேடு இல்லை, பள்ளமும் இல்லை. இவை எல்லாம் சேர்ந்தால் பெரிஸ்பிங்க்டிட் என்ற அம்மோனைட் குழு. முதுகின் நடுவில் பள்ளம் விலாவை அறுத்திருந்தால் பிளான்ஃபோர்டிசெராஸ் என்ற இன்னொரு அம்மோனைட் பக்கம் யோசித்திருப்பேன். நேபாளத்துக் காளி கண்டகி ஆற்றிலிருந்து வரும் கருங்கல் உருண்டைகளில், அதாவது ஜுராசிக் கடைசிக் காலத்து ஸ்பிட்டி ஷேல் (களிமண் இறுகி ஏடு ஏடாக ஆன) பாறையில், இரண்டும் கிடைக்கும். சாளக்கிராமத்தின் மூலமும் அதுதான்.

அதற்கு மேல் பேரினப் பெயர் போடாதீர்கள். பெண் ஓடு பெரிதாகவும் ஆண் ஓடு சிறிதாகவும் இருக்கும் இனங்களை முன்பு இரண்டு தனிப் பெயரில் எழுதிய வழக்கு நிறைய. வாய் விளிம்பு முழுசாக இல்லாத ஒரே மாதிரியை வைத்துப் பேரினம் சொல்வது ஊகம்.

பாறைப்படுகை:

கடைக் கல் என்பதால் செதுக்கியதா, பிசினில் வார்த்ததா என்றும் பார்த்துவிடுங்கள். சமையலறைத் தராசு போதும். முதலில் கல்லை எடை போடுங்கள். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டிப் பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். ஏறும் கிராம் அளவே கல்லின் கொள்ளளவு மில்லி. 212 கிராம் கல்லுக்கு 79 ஏறினால் அடர்த்தி 2.68, கல்தான். பிசின் 1.2 பக்கம் நிற்கும். இரண்டு பாதியையும் தனித்தனியாகச் செய்யுங்கள், ஒரு பாதி மட்டும் வார்ப்பாக இருப்பதும் உண்டு.

செதுக்கலை அடர்த்தி காட்டாது, விலாவைத்தான் பார்க்க வேண்டும். செதுக்கியதில் இடைவெளி ஒரே சீர். உண்மையானதில் வளர வளர இடைவெளி அகலும், பிரியும் இடமும் விலாவுக்கு விலா கொஞ்சம் மாறும். ஒரு பாதியில் மேடு இருக்கும் இடத்தில் மறுபாதியில் அதே அளவு பள்ளம் இருக்க வேண்டும்.

உப்புக்காத்து:

பாதுகாப்பு பற்றி.

'அ'வை நல்ல தண்ணீரில் ஊறவைத்து தினமும் தண்ணீரை மாற்றுங்கள். 5 நாளுக்குப் பின் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடியில் காயவிடுங்கள், பக்கத்திலேயே குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு. இரண்டின் தடமும் ஒன்றுபோல் ஆகும்வரை மாற்றுங்கள். உப்பு உள்ளே தங்கினால், ஈரக்காற்றில் கரைவதும் வெயிலில் படிகமாவதும் மாறி மாறி நடந்து மேற்புறம் பொருக்காக உதிரும். நிழலில் உலர்த்துங்கள்.

வினிகர், எலுமிச்சை, குளியலறை ஆசிட் எதுவும் தொடக்கூடாது. ஓடும் சுண்ணாம்பு, பாறையும் சுண்ணாம்பு. அமிலம் இரண்டையும் பிரித்தறியாது.

'இ'யில் எண்ணெய் தடவியிருப்பார்கள், கோடு மங்குவதற்கு அதுவும் காரணம். மென்மையான பிரஷ், துளி சோப்பு போதும். ஊறப்போட வேண்டாம், ஷேல் பாறை நீரில் பிளக்கலாம். கருங்கல் உருண்டைகளில் பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) இருப்பது சகஜம். மஞ்சள் அல்லது வெள்ளைப் பொடி பூத்தால் அது ஈரத்தில் சிதைகிறது என்று பொருள். நம் கடற்கரை ஈரத்துக்குத் திறந்த அலமாரி ஆகாது: மூடி இறுக்கமான டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறினால் சூடாக்கித் திரும்பப் போடுங்கள். விரிசல் இருந்தால் வெள்ளைப் பசையோ வார்னிஷோ பூச வேண்டாம், மஞ்சளித்துப் போகும், பிறகு எடுக்கவும் முடியாது. அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசின் போதும், தேவைப்பட்டால் அதே அசிட்டோனால் எடுத்துவிடலாம்.

'ஆ'வைப் பெயர்க்காமல் விட்டது மிக நல்ல காரியம். பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, செத்த பவளத்துக்கும் அது பொருந்தும். நாட்டிலஸுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, கடையில் பார்த்தால் பள்ளிக்கென்று வாங்காதீர்கள். மண்டபத்திலிருந்து தூத்துக்குடி வரை உள்ள 21 தீவுகளும் தேசியப் பூங்கா, அங்கிருந்து ஒரு சிப்பிகூட எடுக்கக்கூடாது.

மண்டபம் டீச்சர்:

உள் ஓரத்தை நனைத்துப் பார்த்தோம். முன்வளைவிலும் கிளை இருக்கிறது, பாசி படர்ந்த மாதிரி. அடர்த்தி இரண்டு பாதிக்கும் 2.7-ஐ ஒட்டி வந்தது. இனி சீட்டில் என்ன எழுதட்டும்?

தையல்கோடு:

இப்படி எழுதுங்கள்:

'அம்மோனைட், பெரிஸ்பிங்க்டிட் குழு. உள் அச்சும் எதிர் அச்சும். விட்டம் 64 மி.மீ. அனேகமாக ஜுராசிக் கடைசிக் காலம், இமயமலை ஸ்பிட்டி ஷேல். ராமேஸ்வரத்தில் விலைக்கு வாங்கியது, எடுத்த இடம் பதிவில்லை.'

வாங்கிய தேதியும் பதிவு எண்ணும் சேருங்கள், அதே எண் கல்லின் அடியிலும் சின்னதாக இருக்கட்டும். 'கடலில் எடுத்தது' என்ற சொல் மட்டும் சீட்டில் வரக்கூடாது. பக்கத்திலேயே ஸ்பைருலாவையும், ஓலைக்குடா படத்தைக் கீழே அளவுகோலோடும் வையுங்கள். குழல் எங்கே ஓடுகிறது என்று பிள்ளைகள் லென்ஸில் தாங்களே ஒப்பிட, ஸ்பைருலாவின் உடைந்த முனை மேலே தெரியும்படி வைத்தால் போதும்.